கஞ்சி வடியும் வரை

போர்ட் பிளேரில், மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் எங்கள் சமையலறையைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சிரித்திருக்கிறார்கள். அது அறுபதுகள். எல்லார் வீட்டிலும் அடுப்பு தரையில் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் என் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல் அடுப்பு. நான் நின்றுகொண்டே சமைப்பேன். அருவாமனை என் தலைக்கு மேலே சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். காயைக் கத்தியால், அதையும் நின்றபடிதான் நறுக்குவேன். தீப்பெட்டியை ஒரு டப்பாவில் போட்டு உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். மண்ணெண்ணெய் டின் குளியலறையில், பூட்டுக்குள். சமையலறை வாசலில் ஓர் அரைக் கதவு. பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரை பாய் கொடுத்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறைந்து என் கணவர் செய்தது. உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

"என்னட்டீ, தொரைசாணி கணக்கா நின்னுக்கிட்டே சமைக்க?" என்று பக்கத்து வரிசைத் திருநெல்வேலி அக்கா கேட்பார்.

"முழங்கால் வலிக்குதுக்கா," என்பேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. முழங்கால் நன்றாகவே இருந்தது.

இவ்வளவும் என் மகளுக்காக. அவளுக்கு இரண்டரை வயது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, அடுப்படிக்கு வந்து என்னோடு சேர்ந்து சமைக்க வேண்டும். எனக்கும் ஒரே எண்ணம்தான், அவள் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. அது வெளியே யாருக்கும் தெரியாது. நான் சோறு வடிப்பதில்லை. தண்ணீரை அளந்து வைத்து, அது வற்றும்வரை மூடிவிடுவேன். எங்களுக்குக் கிடைத்தது கப்பலில் வரும் ரேஷன் அரிசி, மூட்டையில் கிடந்து கிடந்து வாடை பிடித்த அரிசி. நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சியை வடித்தால்தான் வாயில் வைக்க முடியும். வடிக்காவிட்டால் பசை. சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். என் கணவர் நாலு வருஷம் அந்தப் பசையைச் சாப்பிட்டார். ஒரு நாள்கூட முகத்தைச் சுளித்ததில்லை. சுளித்திருந்தால், இரண்டு வார்த்தை திட்டியிருந்தால், எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மரைன் ஹில்லுக்கு முன்னால் நாங்கள் சௌல்தாரி கிராமத்தில் இருந்தோம். அவர் ரோடு வேலைக்கு ஓவர்சியர். கல்யாணமான மூன்றாம் மாதம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் போய், கப்பலேறி, நாலு நாளும் வாந்தி எடுத்தபடி நான் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். சீர் சாமான் எல்லாம் வந்தது, அம்மியைத் தவிர. அதையும் சாக்கில் வைத்துத் தைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஏற்கனவே மூட்டை அதிகம், அடுத்து யாராவது வரும்போது அனுப்பலாம் என்று என் அண்ணன் அதை ஸ்டேஷனிலிருந்தே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கடல் தாண்டிக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்று பெயர் வாங்க வேண்டாமே.

எங்கள் வீட்டில் அம்மி அரைக்க மட்டும் இல்லை. சோறு வடிக்கவும் அதுதான் துணை. பானை வாயில் வடிதட்டை வைத்து, துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, தரையில் இருக்கும் கஞ்சிச் சட்டிக்கு மேல் பானையைச் சரித்து, அதன் முதுகை அம்மியில் சாய்த்துவிடுவோம். கால் மணி நேரம் அது பாட்டுக்கு வடியும். நாம் அந்த நேரத்தில் குழம்பைத் தாளிக்கலாம். பின்னால் இருப்பது கல். அசையாது.

சௌல்தாரி வீடு பலகை வீடு. தரையும் பலகை, ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். பெட்டியில் மண் நிரப்பி அதன்மேல் அடுப்பு போட்டிருந்தோம். அம்மிக்குப் பதில் ஒரு பாடாக் மரத்துண்டை வைத்துக்கொண்டேன். மர மில்லிலிருந்து விறகோடு வந்த சிவப்புக் கட்டை, உருண்டையாக, நல்ல கனமாக இருந்தது. கல் மாதிரி கனக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். ஊரில் இருந்திருந்தால் யாராவது ஒருத்தி பார்த்து, மரத்தில் சாய்க்காதே என்று சொல்லியிருப்பாள். அங்கே எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மூன்று வருஷம் அந்தக் கட்டையில்தான் சாய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்போது எனக்கு ஒரு மகன் இருந்தான். மூன்று வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அவனும் இப்படித்தான். நான் அடுப்படியில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து, "நானு, நானு" என்று வேலை கேட்பான். நானும் கொடுப்பேன். பூண்டு உரிப்பான். கறிவேப்பிலை உருவுவான். பெருமையாக இருக்கும் எனக்கு. அன்று தரைச் சரிவில் கஞ்சிச் சட்டி நகர்ந்து நகர்ந்து போனது. "சட்டியப் புடிச்சுக்கடா. விடாத," என்றேன். மண் சட்டி, விளிம்பு தடிமன், சுடாது. அவன் குனிந்து நின்று இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நான் பானையைக் கட்டையில் சாய்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினேன். கட்டை கஞ்சி பட்டு வழுக்கி உருண்டது. பானை முன்னால் வந்தது. இதற்குமேல் விளக்கி எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

ரோடு வேலை லாரியில் போட்டுப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனோம். வழியில் அவன் ஒன்றுதான் சொன்னான். "நான் விடலம்மா." லாரி இரைச்சலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பிறகு இல்லை.

எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம், ஓடி வந்து விழுந்துட்டான் என்றேன். முதலில் லாரி டிரைவரிடம் சொன்னேன். அப்புறம் என் கணவரிடம். அப்புறம் எல்லோரிடமும். நாலு பேரிடம் சொன்ன பிறகு மாற்ற முடியாமல் போய்விட்டது. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஒம்மேல என்ன தப்பு? பிள்ளைன்னா ஓடத்தானே செய்யும்." அவரும் அதையேதான் சொன்னார், தினமும், ஒரு வருஷம் வரைக்கும். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். உண்மையை நான் முதலில் சொன்னது அவரிடம் இல்லை. பல நாள் கழித்து அவரிடம் சொன்னபோது, "அந்தக் கட்டைய விறகுலேருந்து பொறுக்கிக் குடுத்தது நாந்தான்," என்றார். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

மகன் போன இரண்டாம் மாதம் அம்மி வந்தது. ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் கொடுத்து அனுப்பியிருந்தார். சாக்கைப் பிரித்தால் புதிதாகக் கொத்திய கல், குழவி, கூடவே ஒரு கடிதம். தங்கச்சிக்கு அங்கே கஷ்டமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். என் கணவர் அதைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். போர்ட் பிளேர் ஆபீஸுக்கு மாற்றல் வந்து மரைன் ஹில்லுக்குக் குடிபோனபோதும் அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்கவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் போட்டார். மழை பெய்து பெய்து அதன்மேல் பாசி ஏறியது. நான் மசாலாவைக்கூட அரைத்தது கிடையாது. பொடியாக வாங்கிக்கொள்வேன்.

அழுதாயா என்று கேட்டால், இல்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆகிவிட்டேன். தொட்டால், தொடுவது தெரியும். அது நம் கால்தான் என்று தெரியாது. மகன் போய் ஒன்றரை வருஷத்தில் மகள் பிறந்தாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அவளைக் குளிப்பாட்டினேன், பால் கொடுத்தேன், மை வைத்தேன், எதிலும் குறை வைக்கவில்லை. அவளைத் தூக்கும்போது கனம் தெரியும். வேறொன்றும் தெரியாது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் வரிசையில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு ஓடுவார்கள், கடிதம் வரும், வெங்காயம் வரும், மெயின்லேண்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று. என் சமையலறை ஜன்னலிலிருந்தே கப்பல் தெரியும். நான் ஜன்னலுக்குக்கூடப் போனதில்லை.

அவள் அரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பலகைகளுக்கு இடையில் ஒரு கை நுழையும் சந்து இருந்தது. அதில் கையை நீட்டி, "அம்மா, நானு," என்பாள். அவள் அண்ணனை அவள் பார்த்ததே இல்லை. அந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எல்லாக் குழந்தைகளும் சொல்வதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அடுப்பைப் பார்த்தபடியே, "அந்தப் பக்கம் போ பாப்பா," என்பேன்.

செப்புச் சாமான் ஒரு பெட்டி மெயின்லேண்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். சின்ன அடுப்பு, சின்னப் பானை, சின்னக் கரண்டி. ஒரு மணி நேரம் அதைப் பார்த்தாள். பிறகு சின்னப் பானையைக் கொண்டுவந்து சந்து வழியாக உள்ளே தள்ளி, "சோறு போடு," என்றாள். நான் போடவில்லை. அடுத்த நாள் காய்க்கூடையிலிருந்து வெங்காயம் ஒன்றை எடுத்து, வெளியே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய அரை மணி நேரம் உரித்து, சந்தில் நீட்டினாள். வாங்கி மேடையில் வைத்தேன். சாம்பாருக்கு வேறு வெங்காயத்தை எடுத்தேன். அவள் உரித்ததை உள்ளே போட்டால் அவள் வேலை செய்தாள் என்று ஆகிவிடும். அவளுக்கு வேலை கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அன்றைக்கு என் புத்தி.

ஒரு நாள் உலையில் அரிசியைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பினேன். சந்தில் கை இல்லை. வெளியே வந்து பார்த்தால் முன் அறையிலும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. சமையலறைக்கு இத்தனை பூட்டும் ஆணியும் கயிறும் வைத்தவள் வாசல் கதவை வெறுமனே சாத்தி வைத்திருந்தேன். குழந்தைக்கு ஆபத்து ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு எண்ணம்.

தண்ணீர் டிரம்முக்குள் முதலில் பார்த்தேன். பிறகு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சரிவு கீழே இறங்கும் இடத்தில் பார்த்தேன். நான் ஓடவில்லை. கூப்பிடவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. ஒரு சாமானைத் தேடுவதுபோலத் தேடினேன். பெற்ற பிள்ளையைக் காணோம், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது. அதுவும் என்னைப் பற்றிய பயம்தான்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெங்காலிக் குடும்பம் இருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அந்த அம்மாவை எல்லோரும் தீதி என்போம், அக்கா என்று அர்த்தம். எனக்கு அவரிடம் பழக்கம் அதிகம் இல்லை. தண்ணீர் பிடிக்கும்போது இந்தியில் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. அவர் வீட்டுப் பின்பக்கம் என் மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சமையலறை வாசலில் போய் நின்றேன். நான் என் வீட்டிலிருந்து எதையெல்லாம் அப்புறப்படுத்தினேனோ அதெல்லாம் அங்கே தரையில் இருந்தது. அடுப்பு தரையில் எரிந்துகொண்டிருந்தது. அருவாமனை நிமிர்ந்து நின்றது, பக்கத்தில் பாதி நறுக்கிய மீன். மண்ணெண்ணெய் பாட்டில் மூலையில். சுவரோரம் மூன்று சின்ன மணைகளில் மூன்று குழந்தைகள். இரண்டு அவருடையது. மூன்றாவது என்னுடையது. மூன்றும் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன. என் மகளின் முகத்தில் அப்படியொரு மும்முரம். வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

தீதி துணியால் சோற்றுப் பானையைப் பிடித்தார். அவர்களும் வடிக்கிறவர்கள்தான். எனக்கு அது தெரியாது. பானையைத் தூக்குவதற்கு முன்னால், "ஹாத் நீச்சே," என்றார், சாதாரணக் குரலில். கை கீழே. மூன்று குழந்தைகளும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டன. தீதி பானையைச் சரித்து ஒரு செங்கல் அடுக்கில் சாய்த்தார். ஆவி எழுந்தது. அவரும் பின்னால் நகர்ந்து, தன் கைகளைத் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். நாலு பேரும் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவருடைய பையன் ஒரு கையை உருவினான். "கலத்," என்றார் தீதி. தப்பு. என் மகளும் அவனைப் பார்த்து, "தப்பு," என்றாள், தமிழில். அவன் கையைத் திரும்ப வைத்துக்கொண்டான். கஞ்சி சொட்டுவது நின்றதும் தீதி கரண்டியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அதன்பிறகுதான் கைகள் வெளியே வந்தன.

நான் அவ்வளவு நேரமும் வாசலில் நின்றேன். சத்தம் போட்டால் பிள்ளை திடுக்கிட்டு எழுந்துவிடுவாள் என்று நின்றேன் என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால் எனக்கு அசைய வரவில்லை. தட்டுச் சத்தம் கேட்ட பிறகு உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மேரா பச்சி," என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். என் பிள்ளை. "இங்க விடாதீங்க."

"ரோஜ் ஆத்தீ ஹை," என்றார் தீதி. தினமும் வருகிறாள். இருபது நாளாக, நான் உலை வைக்கும் நேரத்துக்கு வந்து, நான் வெளியே வருவதற்குள் திரும்பிவிடுவாளாம். எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கோபப்படவில்லை. மீன் கையை உதறிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தவரை அது இதுதான். உன் வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. இங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வாசல் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டேன். என் கணவரிடம் சொல்லி மேலே ஒரு கொக்கியும் அடித்துக்கொண்டேன். அவர் அடித்துவிட்டு, சுத்தியலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். "காத்து வர ஒரு ஜன்னலாச்சும் இருக்கட்டும்," என்றார். கிண்டலா, வருத்தமா என்று தெரியவில்லை.

முதல் நாள் அவள் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அடக்கியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை. இரண்டாம் நாள் நான் உலை வைத்தபோது குளியலறையிலிருந்து பலகையை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. துணி துவைக்கிற பலகை, வரி வரியாகப் பள்ளம் போட்டது. அரைக் கதவுக்கு வெளியே அதைப் போட்டு உட்கார்ந்தாள். சந்தில் கையை நீட்டவில்லை. நானு என்று கேட்கவில்லை. சத்தமே இல்லை. நானும் நிம்மதியாகச் சோறு, புளிக்குழம்பு, வறுத்த மீன் என்று எல்லாவற்றையும் முடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலே இருக்கும்.

தாழ்ப்பாளை எடுத்து வெளியே வந்தால் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தொடைக்கு அடியில். முகம் சிவந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"எந்திரி பாப்பா."

எழுந்திருக்கவில்லை. கரண்டி தட்டுவதற்காகக் காத்திருந்தாள். எனக்கு அது உறைக்கவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கால் இரண்டும் மரத்துப்போய்த் துவண்டன. கையை இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை பலகையின் வரிகள் ஆழமாகப் பதிந்திருந்தன, சிவப்பாக. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், வேலை கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் தன் கைமேல் தானே உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கைகளைத் தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்க, நாலு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு எங்கேயோ வலித்தது. இவள் கேட்டது வேலை மட்டும் இல்லை, என்னையும்தான், நான் இரண்டையும் கொடுக்கவில்லை என்று பட்டது. இப்படியே இன்னும் இரண்டு வருஷம் போனால் இவள் கேட்பதை நிறுத்திவிடுவாள் என்றும் பட்டது.

மறுநாள் காலையில் அவர் ஆபீஸுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த அம்மியத் தூக்கி உள்ள வச்சிட்டுப் போங்க."

பொத்தானில் இருந்த கை நின்றது. "வடிக்கப் போறியா?"

"ஆமா."

சட்டையைக் கழற்றிவிட்டுப் போனார். தண்ணீர் டிரம்மண்டை அவர் கல்லைத் தேய்த்துக் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பாசி லேசில் போகவில்லை போலிருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்து நான் காட்டிய இடத்தில் வைத்தார். காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். இன்னொரு தள்ளுத் தள்ளினார். அசையவில்லை. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கொக்கியை அவர் போகும்போதே கழற்றிவிட்டார்.

அரைக் கதவைத் திறந்து வைத்தேன். மூலையில் கிடந்த சாப்பாட்டு மணையை எடுத்து, அடுப்புக்கும் அம்மிக்கும் ஆறடி தள்ளி, எதிர்ச் சுவரோரம் போட்டேன். அதற்கும் அடுப்புக்கும் நடுவில் கோலமாவால் ஒரு கோடு கிழித்தேன். அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். உள்ளே வா என்று நான் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். நம்பவில்லை. அப்புறம் வந்து மணையில் உட்கார்ந்தாள். ஒரு தட்டில் அரிசியைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று கல் பொறுக்கினாள். பத்துப் பதினைந்து நல்ல அரிசியையும் கல்லென்று தள்ளினாள். அந்த அரிசியைத்தான் உலையில் போட்டேன்.

வெந்தது. அரிசியை விரலில் நசுக்கிப் பார்த்தேன். மேடையிலிருந்து பானையை இறக்கித் தரையில் வைத்தேன். கஞ்சிச் சட்டியை அம்மிக்கு முன்னால் நகர்த்தினேன். "ஹாத் நீச்சே" என்று நான் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் கை இரண்டும் ஏற்கனவே தொடைக்கு அடியில் போயிருந்தன.

வடிதட்டை வைத்து, துணியோடு பிடித்துச் சரித்தேன். கஞ்சி மண் சட்டியில் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். பானையின் முதுகை அம்மியில் சாய்த்தேன். ஒரு கையை எடுத்தேன். பிறகு மற்றதை எடுத்தேன். பானை நின்றது.

தாளிக்க எழுந்தேன்.

"அம்மா, ஹாத் நீச்சே," என்றாள்.

"எனக்கு வேலை கெடக்குடி."

"ஹாத் நீச்சே."

அங்கே தீதியும் உட்கார்வாரே, அதுதான் இவளுக்குத் தெரிந்த சட்டம். கோட்டைத் தாண்டி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நாலு வருஷமாக என் கைக்கு நான் ஓய்வு கொடுத்ததில்லை. துடைத்தேன், மடித்தேன், கழுவினதையே கழுவினேன். இப்போது செய்ய ஒன்றும் இல்லை. கஞ்சி வடிந்துகொண்டிருந்தது.

"ஒனக்கு ஒரு அண்ணன் இருந்தான்," என்றேன்.

"எங்க?"

"சௌல்தாரில. முன்னாடி."

அவள் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அண்ணன் ஒக்காந்தானா?"

"இல்ல. நான் ஒக்கார வைக்கல. நிக்க வச்சேன். சட்டியப் புடிச்சுக்கோ, விடாதன்னு சொன்னேன். அவன் விடல."

அவள் கஞ்சிச் சட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு, தீதி வீட்டில் கையை உருவிய பையனிடம் சொன்ன அதே குரலில், "தப்பு," என்றாள்.

ஊரும் உறவும் ஆபீஸும் அக்கம்பக்கமும் நாலு வருஷமாக, தப்பில்லை தப்பில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தன. இந்த வார்த்தையை ஒருவர் வாயிலிருந்து கேட்கத்தான் நான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா," என்றேன். "அம்மா செஞ்சது தப்பு."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அதோடு விஷயம் முடிந்தது. நான் முகத்தைத் துடைக்கவில்லை. கை அடியில் இருந்தது, எடுக்கக் கூடாது. சொட்டுகளுக்கு இடையில் நேரம் கூடிக்கொண்டே போய், கடைசியில் நின்றது.

"அம்மா, தட்டு."

கரண்டியை எடுக்கக் கைகளை வெளியே எடுத்தேன். இரண்டும் மரத்துப்போயிருந்தன. விரல்களுக்கு உணர்ச்சி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அவள் எழுந்திருக்காமல் காத்திருந்தாள்.